வேலைய விட்டா அதே தொழிலுக்கு போகக்கூடாதா? சேலத்துல அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதிலும்

சேலத்துல இப்ப எங்க வேலைக்கு சேந்தாலும், அது அஞ்சு ரோட்டு ஆஸ்பத்திரியா இருக்கட்டும், ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பார்க்கா இருக்கட்டும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையா இருக்கட்டும், ஏற்காட்டு ரிசார்ட்டா இருக்கட்டும், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோட சேத்து நாலஞ்சு பக்கம் ஒப்பந்தம் ஒன்ன நீட்டறாங்க. வேலை கெடச்ச சந்தோஷத்துல யாரும் அத முழுசா படிக்கறதில்ல. அதுல ஒரு மூலைல "பணியிலிருந்து விலகிய நாள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு சேலம் மாவட்ட எல்லைக்குள் இதே போன்ற நிறுவனத்தில் பணிபுரியவோ சொந்தமாகத் தொழில் தொடங்கவோ மாட்டேன், மீறினால் ரூபாய் ஐந்து லட்சம் நஷ்டஈடு தருவேன்"னு ஒரு பாரா இருக்கும். இந்த பாராவ நம்பி, கையில தொழில் இருந்தும் வீட்ல உக்காந்திருக்கறவங்கள நான் நிறைய பாத்துட்டேன், சேலம் கோர்ட்ல வேலை சம்பந்தமான கேஸ்தான் நான் அதிகமா பாக்கறது. அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள இங்க ஒரே எடத்துல போட்டிருக்கேன். நோட்டீஸ் வந்தவங்க மட்டும் இத படிச்சதோட நிக்காம பேப்பர எடுத்துட்டு ஒரு வக்கீல நேர்ல பாருங்க, ஏன்னா ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் எழுத்து வேற வேற மாதிரி இருக்கும்.

கேள்வி: ரெண்டு வருஷம் இதே தொழிலுக்கு போகமாட்டேன்னு கையெழுத்து போட்டுட்டேன் மேடம். இப்ப வேற எடத்துக்கு போகலாமா கூடாதா?

போகலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, அதுல 27ஆவது பிரிவு. சட்டப்படியான எந்த தொழிலயோ வியாபாரத்தயோ ஒருத்தர் செய்யக்கூடாதுன்னு தடுக்கற ஒப்பந்தம் அந்த அளவுக்கு செல்லாதுன்னு ஒரே வரில சொல்லுது. "அந்த அளவுக்கு"ங்கறத கவனிங்க, மொத்த ஒப்பந்தமும் செல்லாம போயிடாது, தடுக்கற பாரா மட்டும்தான் போகும், மத்ததெல்லாம் அப்படியே நிக்கும்.

இது இன்னைக்கு நேத்து வந்த சட்டம் இல்ல. 1874ல கல்கத்தா ஐகோர்ட்ல ஒரு கேஸ். ஒரே ஏரியால கடை வெச்சிருந்த ரெண்டு பித்தளை வியாபாரிங்க, ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட "நீ இந்த பக்கம் கடைய மூடிக்கோ, உன் ஆளுங்களுக்கு நீ குடுத்திருக்கற அட்வான்ஸ் 900 ரூபாய நான் தந்துடறேன்"னு எழுதி குடுத்தார், இவரும் கடைய மூடினார், பணம் வரல, கேஸ் போட்டார், கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா ஒரு தெருவுல மட்டும் தொழில் பண்ணாதன்னு சொன்னாலும் அதுவும் தடைதான், அதனால ஒப்பந்தமே செல்லாது, பணமும் கேக்க முடியாதுன்னு முடிச்சிடுச்சு. கொஞ்ச நாளைக்குத்தான், கொஞ்ச தூரத்துக்குத்தான் அப்படிங்கற சமாதானம் எல்லாம் அன்னைக்கே எடுபடல.

வேலை விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 1980ல ஒரு கேஸ் பாத்துச்சு, சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்குன்னு சொல்வாங்க. ரெண்டு வருஷத்துக்கு டெல்லில இதே தொழில் பண்ணக்கூடாதுன்னு நிபந்தனை, ஆள வேலைய விட்டு எடுத்தாங்க, அவர் சொந்தமா ஆரம்பிச்சிட்டார். கம்பெனி தோத்துச்சு. மூணு நீதிபதிங்கள்ல ரெண்டு பேர் அந்த நிபந்தனை தானா விலகினவருக்குத்தான் பொருந்தும், எடுத்து அனுப்பினவருக்கு இல்லன்னு முடிச்சாங்க, ஜஸ்டிஸ் ஏ.பி.சென் தனியா எழுதுன தீர்ப்புல வேலை முடிஞ்சப்புறம் நீளற தடை 27ஆவது பிரிவுப்படி செல்லாதுன்னு தெளிவா எழுதினார். 2006ல கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்குலயும் சுப்ரீம் கோர்ட் இதயேதான் சொல்லுச்சு, ஒப்பந்தக் காலம் முடிஞ்சதுக்கப்புறம் கட்டிப்போட முடியாது.

கேள்வி: நெட்ல தேடினா "நியாயமான தடைன்னா செல்லும்"னு போட்டிருக்கே?

அது இங்கிலாந்து கதை. அங்க எவ்ளோ காலம், எவ்ளோ தூரம்னு பாத்து நியாயமா இருந்தா கோர்ட் ஒத்துக்கும். அமெரிக்கால மாநிலத்துக்கு மாநிலம் வேற, கலிஃபோர்னியால செல்லாது, வேற பல மாநிலங்கள்ல செல்லும். 2024 ஏப்ரல்ல அவங்க மத்திய வர்த்தக ஆணையம் நாடு முழுக்க இத தடை பண்ணி ஒரு விதி கொண்டுவந்துச்சு, ஆகஸ்ட்லயே டெக்சாஸ் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு, 2025 செப்டம்பர்ல ஆணையமே அப்பீல கைவிட்டுருச்சு. இந்த செய்திய எல்லாம் படிச்சிட்டு நம்ம ஊருக்கும் இதான் போலன்னு குழம்ப வேண்டாம். நம்ம சட்டத்துல நியாயமானது, நியாயமில்லாததுங்கற பிரிவே 27ல கெடையாது. 1958ல சட்ட ஆணையம் தன்னோட 13ஆவது அறிக்கைல, நியாயமான தடைய அனுமதிக்கலாம்னு சிபாரிசு பண்ணுச்சு, ஆனா பிரிவு மாறல, இன்னைக்கும் அதே வரிதான்.

அப்புறம் ஏன் எல்லா கம்பெனியும் இத எழுதறாங்கன்னா, வெளிநாட்டு டெம்ப்ளேட்ட அப்படியே எடுத்து போடறது ஒரு காரணம். இன்னொரு காரணம் பயம். கோர்ட்ல நிக்காதுன்னு தெரிஞ்சே எழுதறவங்க இருக்காங்க, பத்து பேர்ல எட்டு பேர் கோர்ட் வரைக்கும் வரமாட்டாங்க, எழுத்த பாத்தே அடங்கிடுவாங்கங்கற நம்பிக்கைதான். எனக்கு இதுலதான் ரொம்ப கோவம் வரும்.

கேள்வி: நான் ஒரு நீட் கோச்சிங் சென்டர்ல பிசிக்ஸ் எடுக்கறேன். சாயங்காலம் வேற சென்டர்லயும் கிளாஸ் எடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. இதுவும் செல்லாதா?

இது செல்லும். வேலைல இருக்கறவரைக்கும் போட்டிக்காரங்ககிட்ட வேலை பாக்காதன்னு சொல்ற நிபந்தனைக்கு கோர்ட் ஒத்துக்கும். 1967ல செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்குன்னு ஒன்னு, கல்யாண்ல டயர் கார்டு நூல் செய்யற பிளான்ட், வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட தொழில்நுட்பம் வாங்கி, ரகசியமா வெச்சுக்கறோம்னு எழுதிக் குடுத்து ஆரம்பிச்சது, ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருத்தருக்கு ட்ரெயினிங் குடுத்து 5 வருஷ ஒப்பந்தம் போட்டாங்க. அவர் அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள கோட்டால இருந்த இன்னொரு ரேயான் கம்பெனிக்கு போயிட்டார். மிச்ச காலத்துக்கு அந்த மாதிரி வேலைக்கு அவர் வேற எடத்துக்கு போகக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. கோர்ட் அவர "திரும்பி வந்து வேலை பாரு"ன்னு சொல்லல, சொல்லவும் முடியாது, தனிப்பட்ட ஒருத்தரோட உழைப்ப கட்டாயப்படுத்தி வாங்க நம்ம சட்டத்துல வழி இல்ல. போட்டிக்காரன்கிட்ட போகாதன்னு மட்டும்தான் சொல்லுச்சு. அதனால நீங்க எத்தனை வருஷத்துக்கு கையெழுத்து போட்டிருக்கீங்க, அந்த காலம் முடிஞ்சிருச்சா, முறையா நோட்டீஸ் குடுத்து வெளிய வந்தீங்களா, இதெல்லாம் முக்கியம். சொல்லாம கொள்ளாம நின்னுட்டு அடுத்த நாளே எதிர் சென்டர்ல போர்டு புடிச்சு நின்னா உங்க கேஸ் பலவீனமாயிடும். நோட்டீஸ் பீரியட முடிச்சிட்டு போங்க.

கேள்வி: மூணு வருஷ பாண்டு போட்டிருக்கேன், நடுவுல விட்டா 2 லட்சம் கட்டணுமாம். இதுவும் 27ல போயிடுமா?

போகாது. இத நல்லா புரிஞ்சுக்கணும், ஏன்னா முதல் கேள்வியயும் இதயும் கலந்து குழப்பிக்கறவங்கதான் அதிகம்.

2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் விஜயா பேங்க் வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு. 2007ல மேனேஜரா சேந்தவர், 3 வருஷம் இருக்கணும் இல்லன்னா 2 லட்சம்னு ஒப்பந்தம், 2009ல வேற பேங்க்குக்கு போனார், எதிர்ப்பு தெரிவிச்சுட்டே பணத்த கட்டிட்டு அப்புறம் கேஸ் போட்டார். கர்நாடகா ஐகோர்ட் அவர் பக்கம் சொல்லுச்சு, சுப்ரீம் கோர்ட் மாத்திடுச்சு. இது வேலைல இருக்கற காலத்துக்கான நிபந்தனை, போனப்புறம் தொழில் பண்ணாதன்னு சொல்லல, அதனால 27 பொருந்தாதுன்னு சொன்னாங்க. பொதுத்துறை பேங்க் ஒரு ஆள எடுக்கணும்னா விளம்பரம், பரீட்சை, இன்டர்வியூன்னு திரும்ப முழுசா நடத்தணும், அந்த செலவுக்கும் அவரோட பதவி சம்பளத்துக்கும் 2 லட்சம் அதிகம் இல்லன்னும் சொன்னாங்க.

இத காட்டி இப்ப சின்ன நர்சிங் ஹோம் எல்லாம் 5 லட்சம் கேக்குது. அவங்களுக்கு அது அப்படியே பொருந்தாது. ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவுப்படி பேப்பர்ல எழுதுன தொகை உச்சவரம்புதான், கோர்ட் குடுக்கறது நியாயமான நஷ்டஈடு மட்டும். 2015ல கைலாஷ் நாத் வழக்குல, நஷ்டமே இல்லன்னா நஷ்டஈடும் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. மாசம் 14,000 சம்பளம் வாங்கின ஸ்டாஃப் நர்ஸ் போனதால 5 லட்சம் நஷ்டம்னு சொல்றவங்க எந்த ட்ரெயினிங்குக்கு அனுப்பினாங்க, எவ்ளோ கட்டினாங்க, ரசீது எங்கன்னு காட்டணும். வார்டுல சீனியர் சிஸ்டர் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டத ட்ரெயினிங் செலவுன்னு சொல்லிக்க முடியாது. மூணு வருஷத்துல ரெண்டரை வருஷம் வேலை பாத்திருந்தா அதயும் கணக்குல எடுத்து குறைக்கச் சொல்லி கேக்கலாம்.

கேள்வி: என் ஒரிஜினல் சர்டிபிகேட் அவங்ககிட்ட இருக்கு மேடம் தரமாட்டேங்கறாங்க, புது வேலைல வெரிஃபிகேஷனுக்கு கேக்கறாங்க. என்ன பண்றது?

சர்டிபிகேட்ட அடமானம் மாதிரி புடிச்சு வெக்க யாருக்கும் உரிமை இல்லம்மா. இத கேக்கறது பெரும்பாலும் நர்சிங், பார்மசி படிச்ச பொண்ணுங்கதான், அவங்க வீட்ல "பேசாம அங்கயே இரு"ன்னு சொல்லிடறாங்க, அது இன்னும் கொடுமை. படிப்புச் சான்றிதழ் விக்கற வாங்கற சரக்கு இல்ல, ஒப்பந்தச் சட்டம் 171ஆவது பிரிவுல சொல்ற மாதிரி பாக்கிக்காக பொருள புடிச்சு வெக்கற உரிமை அதுக்கு பொருந்தாதுன்னு சென்னை ஐகோர்ட் சொல்லியிருக்கு. உங்களுக்கும் அவங்களுக்கும் பணத் தகராறு இருந்தா அவங்க கோர்ட்டுக்கு போய் கேக்கட்டும், அது வேற விஷயம்.

முதல்ல இமெயில்லயும் ரிஜிஸ்டர் தபால்லயும் எழுதிக் கேளுங்க, எந்தெந்த சர்டிபிகேட், என்னைக்கு குடுத்தீங்கன்னு வரிசையா எழுதுங்க. வாங்கினப்ப ரசீது குடுத்திருந்தா அத தேடி எடுங்க, இல்லன்னா வாட்ஸப்ல "ஒரிஜினல் கொண்டு வா"ன்னு எச்.ஆர். அனுப்பின மெசேஜ் இருக்கும், அதுவே போதும், டெலிட் பண்ணிடாதீங்க. ஏழு நாள் பத்து நாள் டைம் குடுத்துட்டு, அப்பவும் வரலன்னா வக்கீல் நோட்டீஸ், போலீஸ் புகார்னு போகலாம். நோட்டீஸ் போனாலே நிறைய எடத்துல கவர்ல போட்டு குடுத்துடறாங்க.

கேள்வி: வெத்து செக் ரெண்டு கையெழுத்து போட்டு வாங்கி வெச்சிருக்காங்க...

நான்-கம்பீட் பாராவ, அதாவது வேலைய விட்டப்புறம் அதே தொழிலுக்கு போகாதங்கற பாராவ விட எனக்கு பயம் இதுலதான். செக் வெறும் கையெழுத்தோட இருந்தாலும், அத அவங்க நிரப்பிப் போட்டாலும், ஒரு கடனுக்காக குடுத்ததாத்தான் சட்டம் முதல்ல எடுத்துக்கும், அப்படி இல்லன்னு காட்டற பொறுப்பு உங்க தலைல விழும். 2019ல சுப்ரீம் கோர்ட் இத உறுதி பண்ணியிருக்கு. பேங்க்ல ஸ்டாப் பேமென்ட் சொன்னா மட்டும் தப்பிச்சிட முடியாது.

அதனால ராஜினாமா லெட்டர்லயே செக் நம்பர போட்டு, "வேலையில் சேரும்போது பாதுகாப்புக்காக வாங்கிய இந்த காசோலைகளைத் திருப்பித் தரவும், உங்களுக்கு நான் எந்தக் கடனும் பாக்கி இல்லை"ன்னு எழுதிடுங்க. ஒருவேளை போட்டு திரும்பிடுச்சுன்னா 30 நாளுக்குள்ள அவங்க நோட்டீஸ் அனுப்பணும், உங்க கைக்கு வந்த நாள்லேர்ந்து பணம் கட்ட 15 நாள் டைம், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள அவங்க கேஸ் போடணும். அந்த 15 நாள தூங்கி விட்டுடாதீங்க. உடனே பதில் நோட்டீஸ் அனுப்புங்க, எதுக்கு வாங்கின செக்குன்னு முதல் பதில்லயே சொல்லிடணும், ரெண்டு வருஷம் கழிச்சு கூண்டுல நின்னு சொன்னா எடுபடறது கஷ்டம்.

கேள்வி: நான் அழகு நிலையத்துல ஆறு வருஷம் இருந்தேன். இப்ப தனியா ஆரம்பிக்கறேன். பழைய கஸ்டமருங்க என்கிட்ட வந்தா தப்பா?

தானா தேடி வந்தா தப்பில்ல. எந்த கை நல்லா இருக்கோ அங்க போறது அவங்க இஷ்டம். ஆனா பழைய பார்லர் கம்ப்யூட்டர்ல இருந்த போன் நம்பர் லிஸ்ட்ட எடுத்து "இனிமே இங்க வாங்க, 20 சதவீதம் தள்ளுபடி"ன்னு மொத்தமா மெசேஜ் போட்டா சிக்கல். 2009ல டெல்லி ஐகோர்ட் ஒரு கேஸ்ல இந்த ரெண்டயும் தனித்தனியா பிரிச்சு காட்டுச்சு, போட்டிக் கம்பெனில சேரக்கூடாதுங்கறதுக்கு தடை குடுக்கல, பழைய கம்பெனியோட சப்ளையர், கஸ்டமர்கிட்ட போய் கேக்கறதுக்கு மட்டும் தடைய வெச்சுது. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி ஒரு பேங்க் வழக்குல, கஸ்டமர் விவரம் தெரியும்ங்கறதுக்காக ஒருத்தர வேற பேங்க்ல வேலை பாக்கவே கூடாதுன்னு தடுக்க முடியாதுன்னும் அதே கோர்ட் சொல்லியிருக்கு.

உங்க கைல இருக்கற திறமை உங்களோடது. அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைல் அவங்களோடது. தொழில் ரகசியத்துக்குன்னு தனியா சட்டம் நம்ம நாட்டுல இன்னும் வரல, 2024ல சட்ட ஆணையம் 289ஆவது அறிக்கைல ஒரு வரைவு குடுத்திருக்கு, அவ்வளவுதான். ஆனா அனுமதி இல்லாம கம்ப்யூட்டர்லேர்ந்து டேட்டா எடுத்தா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 ரெண்டும் சேந்து வரும், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம். சிவிலா இருந்த தகராறு ஸ்டேஷன் வரைக்கும் போயிடும். ஐடில இருக்கற பசங்க கடைசி வாரத்துல ஃபைல எல்லாம் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கறாங்க, "நான் எழுதின கோட் தானே"ன்னு. சம்பளத்துக்கு எழுதுன கோட் பொதுவா கம்பெனியோடது தம்பி. அனுப்பாதீங்க. லேப்டாப்ப குடுக்கறப்ப ஒப்படைச்சதுக்கு ஒரு மெயில் வாங்கிக்கோங்க.

கேள்வி: எங்க அண்ணன் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைல பத்த வைக்கற (வெள்ளிய சேத்து ஒட்டற) வேலை. 60,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கார், அத கட்டற வரைக்கும் வேற பட்டறைக்கு போகக்கூடாதுன்னு 20 ரூபா பத்திரத்துல எழுதி வாங்கிட்டாங்க. கூலியும் கம்மி.

ஐடி காரங்களோட நான்-கம்பீட் பத்தி ஊரெல்லாம் பேசறாங்க, இத பத்தி பேசறதில்ல. பட்டறைலயும் தறிலயும் ஆள கட்டிப்போடறது இந்த அட்வான்ஸ்தான். தீபாவளிக்கு கொஞ்சம், பொண்ணு சீருக்கு கொஞ்சம், ஆஸ்பத்திரி செலவுக்கு கொஞ்சம்னு வாங்கினது, கூலில புடிச்சும் குறையாம வருஷக்கணக்கா நிக்கும். பக்கத்து பட்டறைக்கு போகணும்னா அந்த ஓனர் பழைய அட்வான்ஸ கட்டி ஆள "எடுத்துக்கணும்".

சட்டம் இதுல ரெண்டு தனி விஷயம் பாக்கும். வாங்கின பணம் கடன்தான், நேர்மையா குடுத்த கைமாத்துன்னா சிவில் கோர்ட்ல வசூல் பண்ணிக்கலாம். ஆனா அந்த கடனுக்கு பதிலா வேற எடத்துல வேலை பாக்கற சுதந்திரத்த புடுங்கினா, கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 வந்துடும். முன்பணம் வாங்கினதுக்காக ஒரு குறிப்பிட்ட காலத்துக்கோ காலம் சொல்லாமலோ வேற வேலைக்கு போற உரிமைய இழக்கறதயும் அந்தச் சட்டம் கொத்தடிமைன்னு சொல்ற பட்டியல்ல வெச்சிருக்கு. கொத்தடிமைக் கடன்னு முடிவானா கடனே ரத்து. குறைஞ்சபட்சக் கூலிக்கு கீழ குடுத்து வாங்கற வேலை கட்டாய உழைப்புன்னு 1982லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. புகார் கலெக்டர்கிட்டயோ ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) கிட்டயோ குடுக்கலாம், நம்ம மாவட்டத்துல சேலம், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரின்னு நாலு கோட்டம் இருக்கு, எந்த கோட்டத்துல பட்டறையோ அங்க.

எல்லா அட்வான்ஸும் கொத்தடிமை ஆயிடாது, சொந்தக்காரங்களுக்குள்ள நல்ல மனசோட குடுத்து வாங்கறவங்களும் இருக்காங்க. அதனால அண்ணன் இதுவரைக்கும் எவ்ளோ வாங்கினார், கூலில எவ்ளோ புடிச்சாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. துண்டுச் சீட்டு இருந்தா சேத்து வைங்க. பட்டறை நோட்டுல மட்டும் கணக்கு இருந்தா அவங்க சொல்றதுதான் கணக்கு.

கேள்வி: ஏற்காட்டு ரிசார்ட்ல குக்கா இருந்தேன். 30 கிலோமீட்டர் சுத்தளவுல எந்த ஓட்டல்லயும் வேலை பாக்கக்கூடாதாம்.

மலைய சுத்தி 30 கிலோமீட்டர்னா சேலம் டவுனே அதுக்குள்ள வந்துடும், அப்புறம் எங்க போய் வேலை பாக்கறது? செல்லாது. மிளகு கோழி வறுவல் நல்லா பண்றது உங்க கைப்பக்குவம், அது ரகசியம் ஆகாது. அவங்களே பாக்கெட் போட்டு விக்கற மசாலாவோட அளவு, செய்முறைன்னு பூட்டி வெச்சு எழுதி வாங்கியிருந்தா அத மட்டும் வெளிய சொல்லாதீங்க.

கேள்வி: ஒப்பந்தத்துல "பெங்களூரு கோர்ட்ல மட்டும்தான் வழக்கு"ன்னு இருக்கு. நான் ஓமலூர்லேர்ந்து வீட்ல உக்காந்து வேலை பாத்தவன்.

இத லேசா எடுத்துக்காதீங்க. 2025 ஏப்ரல்ல எச்.டி.எஃப்.சி. பேங்க் ஊழியர் வழக்குல, பாட்னால வேலை பாத்தவரோட ஆர்டர்ல மும்பை கோர்ட்னு இருந்துச்சு, அந்த நிபந்தனை செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்த கோர்ட்டுக்கு விஷயத்தோட ஏதாவது தொடர்பு இருக்கணும், கம்பெனி ஆபீஸ் அங்க இருந்து ஆர்டர் அங்கேர்ந்து வந்திருந்தா தொடர்பு இருக்குன்னுதான் அர்த்தம். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பேசி மாத்தப் பாக்க வேண்டிய ஒரு பாரா இதுதான்.

கேள்வி: கடைசி மாச சம்பளம், ரிலீவிங் லெட்டர், பிஎஃப் எல்லாத்தயும் நிறுத்தி வெச்சிருக்காங்க.

சம்பளம் உழைச்ச கூலி, நான்-கம்பீட் மீறுவீங்களோங்கற சந்தேகத்துக்கு அத நிறுத்த முடியாது. 2025 நவம்பர் 21லேர்ந்து அமலுக்கு வந்திருக்கற ஊதியச் சட்டத் தொகுப்புப்படி ராஜினாமா பண்ணினவருக்கு ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பளம் செட்டில் பண்ணணும். பிஎஃப் பணம் அவங்க கைலயே இல்ல. கடைசி பணம் கட்டி ரெண்டு மாசம் ஆயிட்டா வெளிய வந்த தேதிய நீங்களே பிஎஃப்போட யுஏஎன் போர்ட்டல்ல போட்டுக்கலாம். ரிலீவிங் லெட்டர் வரலன்னா ராஜினாமா மெயில், அவங்க ஏத்துக்கிட்ட பதில், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி எல்லாத்தயும் புது கம்பெனிகிட்ட காட்டி பேசுங்க. நெறைய எச்.ஆர். ஒத்துக்கறாங்க.

கேள்வி: வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு. புது கம்பெனிக்கும் ஒரு காப்பி அனுப்பிட்டாங்க. கை கால் ஓடல.

நோட்டீஸ்ங்கறது கோர்ட் உத்தரவு இல்ல, ஒரு வக்கீல் எழுதுன கடுதாசி. அதுக்காக கிழிச்சு போட்டுடாதீங்க, சொன்ன தேதிக்குள்ள பதில் போகணும். பதில்ல என்ன இருக்கணும்: முறையா விலகினது, எந்த ஃபைலும் எடுக்கல, பழைய கஸ்டமர கூப்பிடல, வேலை முடிஞ்சப்புறம் நீளற தடை 27ஆவது பிரிவுப்படி செல்லாது. அவ்வளவு போதும், கோவத்துல நாலு பக்கம் எழுத வேண்டாம், ஓனர பத்தி தெரிஞ்சத எல்லாம் கொட்டவும் வேண்டாம். புது கம்பெனி எச்.ஆர். கிட்ட நீங்களே முதல்ல போய் ஒப்பந்தத்தயும் பதிலயும் காட்டிடுங்க, மறைச்சா அதான் வேலைக்கு உலை வெக்கும்.

அவங்க கோர்ட்டுக்கு போய் உங்களுக்கு தெரியாமலே இடைக்காலத் தடை வாங்கிடுவாங்களோன்னு பயமா இருந்தா, சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவுல கேவியட் போட்டு வெக்கலாம், 90 நாளைக்கு உங்கள கேக்காம உத்தரவு போட மாட்டாங்க. வக்கீலுக்கு பணம் இல்லன்னா சேலம் கோர்ட்லயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், தொழிலாளிங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் தருவாங்க. 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

கேள்வி: பார்ட்னரா இருந்து விலகினா? கடைய வித்தா?

அங்க சட்டம் வேற. கடையோட நல்ல பேரயும் சேத்து வித்துட்டா, அதே ஏரியால அதே தொழில் பண்ணமாட்டேன்னு நியாயமான அளவுக்கு எழுதுறது செல்லும், அது 27லயே இருக்கற விதிவிலக்கு. பார்ட்னர்களுக்கு 1932ஆம் வருஷ கூட்டாண்மைச் சட்டத்துலயும் அந்த மாதிரி இடம் இருக்கு. அதனால சம்பளத்துக்கு இருக்கறவர "பார்ட்னர்"னு பேப்பர்ல எழுதினா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

கேள்வி: நான் ஓனர். ஒன்னும் தெரியாம வந்த பையனுக்கு மூணு வருஷம் தொழில் கத்துக்குடுத்தேன், எதிர்லயே கடை போட்டுட்டான். எனக்கு ஒரு சட்டமும் இல்லயா?

உங்க வலி எனக்கு புரியுதுங்க, இந்த ஊர்ல பாதி பட்டறை அப்படி பிரிஞ்சு வந்ததுதான், உங்க பட்டறையும் ஒரு காலத்துல யார்கிட்டயோ தொழில் கத்துக்கிட்டு பிரிஞ்சு வந்ததாத்தான் இருக்கும். அவன் தொழில தடுக்க முடியாது. மூணு மாசம் சம்பளம் குடுத்து வேற எங்கயும் சேராம வீட்ல உக்கார வெக்கற நிபந்தனையக் கூட 2007ல பாம்பே ஐகோர்ட் ஏத்துக்கல.

உங்களால முடிஞ்சது வேற இருக்கு. உண்மைலயே காசு கட்டி ட்ரெயினிங் அனுப்பினா அந்த ரசீத வெச்சு, மாசம் ஆக ஆக குறையற மாதிரி பாண்டு போடுங்க. எது ரகசியம்னு பேர் சொல்லி எழுதுங்க, டிசைன் அச்சு, பார்ட்டி லிஸ்ட், விலைப் பட்டியல்னு. அத எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி போட்டு வெச்சிட்டு அப்புறம் ரகசியம்னு கோர்ட்ல சொன்னா நிக்காது. முக்கியமான ஆளுக்கு நோட்டீஸ் பீரியட ரெண்டு மூணு மாசமா வைங்க, வருஷக் கடைசில இருந்தா கிடைக்கற மாதிரி ஒரு தொகைய பேசுங்க. ஆளு போறது பெரும்பாலும் கூலிலதான் ஆரம்பிக்குது. அஞ்சு லட்சம்னு மிரட்டி எழுதறத விட மாசம் ரெண்டாயிரம் ஏத்திக் குடுத்தா உங்களுக்கு செலவு கம்மி.

கேள்வி: நாளைக்கு ஜாயின் பண்றேன். கையெழுத்து போடறப்ப என்ன பாக்கணும்?

பாண்டு தொகையும் காலமும், எந்த ஊர் கோர்ட், நோட்டீஸ் பீரியட் எவ்ளோ, ஒரிஜினல் சர்டிபிகேட்டோ செக்கோ கேக்கறாங்களா, இத்தனையும் பாருங்க. செக் குடுக்காதீங்க. சர்டிபிகேட்ட காட்டிட்டு திரும்ப வாங்கிக்கோங்க, ஜெராக்ஸ் போதும். நான்-கம்பீட் பாராவுக்காக மட்டும் நல்ல வேலைய விட வேண்டியதில்ல. கையெழுத்து போட்டதும் எல்லா பக்கத்தயும் போன்ல போட்டோ எடுத்து வீட்ல ஒருத்தருக்கு அனுப்பி வைங்க, காப்பி குடுக்கமாட்டோம்னு சொல்ற எடத்துல கட்டாயம் எடுங்க.